ஆப்புக்கு சப்டைட்டில் போட்டவருக்கு 3 ஸ்டார்

மருமகள் புனேக்காரி. வீட்டில் பாதி நேரம் மராத்திதான், ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரிமோட் என் கையில். அதனால் நாங்கள் சந்தா கட்டும் ஓடிடியின் ஆங்கில சப்டைட்டில் எப்படி என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்துகொள்கிறேன். சண்டைப் படத்துக்குத் தேறும். காமெடிக்குக் கஷ்டம்.

'சந்திரமுகி'யில் (2005) வடிவேலு 'மாப்பு... வெச்சுட்டான்யா ஆப்பு' என்று அலறுகிறார். கீழே வந்தது: 'பிரைட்குரூம், ஹி ஹேஸ் புட் எ வெட்ஜ்.' "எந்த மரத்துக்கு அங்கிள்?" என்றாள். நியாயமான கேள்வி. மரத்தைப் பிளக்க அடிக்கிற ஆப்புதான் ஆளைக் கவிழ்ப்பதற்கும் பெயர் என்று நான் விளக்கி முடிப்பதற்குள் அடுத்த சீன் ஓடிவிட்டது. மாப்பு, ஆப்பு என்ற எதுகையும் போச்சு. 'ஐ ஆம் பினிஷ்டு' என்றாவது போட்டிருந்தால் முகபாவத்தோடு ஒட்டியிருக்கும்.

'கரகாட்டக்காரன்' (1989) வாழைப்பழம் மட்டும் பிழைத்தது. கவுண்டமணி கேட்கிற 'இன்னொண்ணு' வேறு, செந்தில் மிச்சமிருக்கும் பழத்தைக் காட்டி 'அதுதாண்ணே இது' என்று சாதிக்கிற 'இன்னொண்ணு' வேறு. இந்தக் குழப்பம் எந்த மொழியிலும் வரும், மருமகள் விழுந்து விழுந்து சிரித்தாள். என்ன, செந்தில் வாயைத் திறக்கும் முன்பே எழுத்து வந்துவிடுகிறது. அவள் முதலில் சிரிக்கிறாள், நாங்கள் அப்புறம் சிரிக்கிறோம். காமெடியில் அரை நொடி முந்தினாலும் பஞ்ச் செத்துவிடும் என்பது இவர்களுக்குத் தெரியாதா?

'பிரெண்ட்ஸ்' (2001) படத்தின் 'தேவையில்லாத ஆணி'க்கு 'நெயில்' சரியான வார்த்தைதான். சுவரில் நிஜ ஆணியைத்தானே பிடுங்குகிறார்கள்! அந்தப் படத்துக்கு அப்புறம் ஆபீஸ் வேலைக்கே ஆணி என்று பெயர் வந்த கதையை சப்டைட்டிலிடம் எதிர்பார்க்க முடியாது. மகன் ராத்திரி பத்து மணிக்கு லேப்டாப்பைத் திறந்துகொண்டு "ஆணி நிறைய இருக்கும்மா" என்றபோது அதை மருமகளுக்கு நானே சொல்லிக்கொடுத்தேன். இப்போது அவளும் ஆணி பிடுங்குகிறாள்.

சப்டைட்டில் எழுதுகிறவர்கள் பாடும் லேசில்லை. ஒரு சமயத்தில் இரண்டு வரி, வரிக்கு 42 எழுத்து என்பதுதான் பொதுவான கணக்கு. அதற்குள் சிலேடையை அடைக்க வேண்டும். வெள்ளை எழுத்து வெள்ளை வேட்டி மேல் வந்து காணாமல் போவதற்கு மட்டும் எந்தச் சாக்கும் கிடையாது. செட்டிங்ஸில் எழுத்துக்குப் பின்னால் கறுப்புப் பட்டை வைத்துக்கொள்ளுங்கள், பழைய கிராமத்துப் படங்களுக்குக் கட்டாயம் வேண்டும்.