சார்ரோ சேணம்: பல வருடம் உட்கார்ந்து பார்த்த பிறகு

மெக்சிகோவின் குவாதலஹாராவில் சார்ரோ சேணம், அதாவது அந்நாட்டுப் பாரம்பரியக் குதிரையோட்டிகளான சார்ரோக்களின் சேணம், வாங்கப் போகிறவர்களுக்கு முதலில் கண்ணில் படுவது தோலின் மேல் இருக்கும் பூ வேலைதான். செடி நாரை நூலாக்கித் தைக்கும் பித்தியாதோ வேலைக்கு, இதே ஹலிஸ்கோ மாநிலத்துக் கொலோத்லான் பேர் போன ஊர். அழகில் குறை சொல்ல முடியாது. ஆனால் அதெல்லாம் விழா நாளுக்கு. வார இறுதிகளில் சார்ரெரியா எனும் சார்ரோக்களின் குதிரை, கயிறு விளையாட்டைப் பழகும் நான் வாங்கியது வேலைக்கென்றே செய்த மொட்டைச் சேணம். இத்தனை வருடத்தில் அந்த முடிவை மாற்றிக்கொள்ளத் தோன்றவில்லை.

இதில் உயிர் முழுக்க ஃபுஸ்தே எனும் சட்டத்தில் இருக்கிறது. மரச்சட்டம், அதன் மேல் இழுத்துத் தைத்த பதனிடாத தோல். முன்னால் சின்னச் சப்பாத்திக்கல் அகலத்துக்கு ஒரு கொம்பு. இது எதற்கு இவ்வளவு பெரிதாக என்பது பியால் எனும் சுருக்குக் கயிறு வீச்சின்போதுதான் புரியும். 60 மீட்டர் நீள ஓடுபாதையில் பாய்ந்து வரும் பெண்குதிரையின் பின்னங்கால்களில் சுருக்கு விழ வேண்டும். விழுந்ததும் கயிற்றைக் கொம்பில் சுற்றி, இறுக்காமல் வழுக விட்டு, குதிரையைக் கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்த வேண்டும். மூன்றே வாய்ப்பு. வெடுக்கென்று பிடித்தால் குதிரைக்கும் அடி, நமக்கும் அடி. மாகே எனும் கற்றாழை போன்ற செடியின் நார்க் கயிறு மரத்தில் உரசி ஓடும்போது நிஜமாகவே புகை கிளம்பும். என் கொம்பைச் சுற்றிக் கருகிய பள்ளங்கள் விழுந்திருக்கின்றன. தடவினால் கண்ணாடி மாதிரி வழவழப்பு, அதனால் கயிறு இப்போது இன்னும் சீராக ஓடுகிறது. அமெரிக்கச் சேணக் கொம்பில் ரப்பர் சுற்றுவார்கள். அது கயிற்றைக் கவ்விப் பிடிக்கும், இந்த வேலைக்கு ஆகாது. நைலான் கயிறும் வேண்டாம், சூட்டில் இளகிவிடும். சுற்றும்போது கட்டைவிரல் மேல்நோக்கி இருக்கட்டும். இங்கே விரலை இழந்த மூத்த சார்ரோக்கள் உண்டு.

குறைகளும் இருக்கின்றன. இருக்கை கட்டை. மெத்தை கிடையாது, நீண்ட சவாரி என்றால் இடுப்பு பேசும். தூக்கி வைக்கவே ஒரு ஆள் வேண்டும் போலக் கனம். என் குதிரை குவார்ட்டர் இனம், அகல முதுகு. கடைக்காரர் 'எல்லாக் குதிரைக்கும் சரியாக இருக்கும்' என்று தள்ளிவிட்ட முதல் சட்டம் தோள்பட்டை அருகே அழுத்திப் புண்ணாக்கியது. சட்டத்தை மாற்றித்தான் தீர்ந்தது. ஜூனில் மழை பிடித்துவிட்டால் தோலில் பூஞ்சை படரும். துடைத்து, நிழலில் உலர்த்தி, அப்புறம் எண்ணெய் பூசுகிறேன். கயிறும் அந்த ஈரத்தில் விறைத்துக்கொள்ளும்.

எஸ்காராமுசா எனும் குழுக் குதிரைச் சவாரி ஆடும் பெண்களுக்கு இது உதவாது. ஒருபக்கமாக உட்கார்ந்து ஓட்டும் அல்பார்தா தனிச் சேணம்.

பழையது வாங்குவதாக இருந்தால் தோலை மறந்துவிடுங்கள், அதை மாற்றிக்கொள்ளலாம். கொம்பை ஒரு கையாலும் பின்விளிம்பை மறு கையாலும் பிடித்து முறுக்கிப் பாருங்கள். கிறீச் என்று சத்தம் வந்தால் உள்ளே மரம் விரிசல் விட்டிருக்கிறது. எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.