ராஜா ரசிகர்களின் மாதாந்திர இசைத்தட்டுக் கூட்டம்: டர்ன்டேபிள், கேசட் டெக், ஹால் – பல வருடப் பயன்பாட்டு அனுபவம்

சென்னையில் இளையராஜாவுக்கு ரசிகர் இல்லாத தெரு கிடையாது. ஆனால் அந்த ரசனை பெரும்பாலும் காருக்குள்ளும் ஹெட்போனுக்குள்ளும் அடைந்து கிடக்கிறது. முப்பது பேர் ஒரு ஹாலில் உட்கார்ந்து, இசைத்தட்டின் ஒரு பக்கத்தை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை பேசாமல் கேட்பது வேறு அனுபவம். இடையிசையில் பேஸ் கிட்டார் திசை மாறுகிற இடத்தில் எல்லா வரிசையிலும் தலைகள் ஒரே நேரத்தில் ஆடும். அதைப் பார்த்தவர்கள் அடுத்த மாதமும் வருவார்கள். அப்படி ஒரு மாதாந்திரக் கூட்டத்துக்குப் பல வருடமாகப் பயன்பட்டுவரும் கருவிகள், ஹால், நடைமுறை பற்றிய பகிர்வு இது.

முக்கியமான தீர்ப்பை முதலிலேயே சொல்லிவிடலாம். அரிய தட்டுகளும் விலை உயர்ந்த ஸ்பீக்கரும் இருந்தால் கூட்டம் நிலைக்கும் என்று பலர் நினைக்கிறார்கள். நிலைத்து நிற்பவை, ஊசி வைக்கும் வேலையைப் பல பேர் கையில் கொடுத்த கூட்டங்கள்தான். ஒரே ஆள் தட்டைக் கொண்டுவந்து, அவரே போட்டு, அவரே பேசினால், அவருக்குக் காய்ச்சல் வந்த மாதம் கூட்டம் கிடையாது. கொஞ்ச நாளில் எப்போதுமே கிடையாது. ஆகவே எந்தக் கருவியை எடைபோட்டாலும் கேட்க வேண்டியது இதுதான்: புதிதாக வந்த ஒருவர் பத்து நிமிடத்தில் இதைக் கையாளக் கற்றுக்கொள்வாரா?

டர்ன்டேபிள்

அந்த வகையில் நன்றாக உழைத்திருக்கும் டர்ன்டேபிள், அதாவது தட்டைச் சுழற்றும் கருவி, ஆடியோ டெக்னிகா கம்பெனியின் ஏடி-எல்பி120எக்ஸ். டைரக்ட் டிரைவ், அதாவது மோட்டாரே நேரடியாகச் சுழற்றும். நிமிடத்துக்கு 33⅓, 45, 78 சுற்று என மூன்று வேகமும் உண்டு. மூன்றுமே தேவைப்படும். எல்பி என்ற பெரிய தட்டு 33⅓, நாலு பாட்டுச் சின்னத் தட்டு பெரும்பாலும் 45, ராஜாவுக்கு முந்தைய காலத்து அரக்குத் தட்டை யாராவது தாத்தா வீட்டிலிருந்து தூக்கிக்கொண்டு வந்தால் 78. சின்னத் தட்டெல்லாம் 45 என்று நம்பிவிட வேண்டாம். 33⅓-இல் ஓடுவதும் இருக்கிறது, லேபிளைப் படித்துவிட்டுப் போடுங்கள்.

பலருக்கு அமெரிக்காவில் இருக்கும் உறவினர் மோட்டார் ரப்பர் பெல்ட் வழியாகச் சுழற்றும் பழைய பெல்ட் டிரைவ் மாடலைக் கொண்டுவந்து கொடுப்பார். ஏசி மோட்டார் உள்ளது என்றால் கவனம். அங்கே மின்சாரம் 60 ஹெர்ட்ஸ், இங்கே 50. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வோல்டேஜைத்தான் குறைக்கும், ஹெர்ட்ஸை மாற்றாது. 33⅓-இல் ஓட வேண்டிய தட்டு 27.8-இல் ஓடும், சுருதி ஏறத்தாழ மூன்று அரைச்சுரம் இறங்கிவிடும். தட்டு கெட்டுவிட்டது என்று நினைத்து அதைக் குறை சொல்லக் கூடாது. பெல்ட் ஓடும் சின்னச் சக்கரமான புல்லியை 50 ஹெர்ட்ஸுக்கானதாக மாற்றினால் சரியாகும், கிடைப்பதுதான் கஷ்டம். குவார்ட்ஸ் படிகம் வேகத்தைக் கட்டுப்படுத்தும் டைரக்ட் டிரைவுக்கு இந்தத் தொல்லை இல்லை. அதில் வேறு ஒன்று உண்டு: சுருதியைக் கூட்டிக் குறைக்கும் ஸ்லைடரில் யாராவது கை வைத்திருப்பார்கள். குவார்ட்ஸ் லாக் பட்டனை அழுத்திவிட்டுத்தான் முதல் தட்டைப் போட வேண்டும்.

கூடவே வரும், ஊசியைத் தாங்கும் விஎம்95இ கார்ட்ரிட்ஜுக்கு ஊசி தட்டை அழுத்தும் எடை 2 கிராம்; 1.8-லிருந்து 2.2 வரை போகலாம். நகை எடைபோடுவது போன்ற சின்ன டிஜிட்டல் தராசு ஒன்று வாங்கி, ஒவ்வொரு கூட்டத்துக்கும் முன்பு அளந்துவிட வேண்டும். ஆட்டோவில் ஏற்றி இறக்கும்போது ஊசிக் கையின் பின்னாலுள்ள சமன் எடை நகர்ந்துவிடும். எடை குறைவாக இருந்தால் தட்டுக்கு நல்லது என்பது தப்பான நம்பிக்கை. லேசான ஊசி பள்ளத்துக்குள் நிற்காமல் துள்ளும், துள்ளுகிற இடத்தில் சுவரைச் சுரண்டும். பெண் குரலில் ‘ச’, ‘ஸ’ வரும் இடங்கள் சீறினால் முதலில் எடையைப் பாருங்கள், அடுத்து ஊசியில் சேர்ந்த தூசிப் பஞ்சைப் பாருங்கள்.

இந்த ஊசியின் ஆயுள் 300 மணி நேரம் என்று கம்பெனி சொல்கிறது. அதே உடம்பில் கூம்பு முனை ஊசி போட்டால் 500 மணி நேரம். கற்றுக்கொள்ள வருபவர்களுக்குக் கூம்பு முனைதான் பொருத்தம், விலையும் குறைவு, சற்று முரட்டுக் கையையும் தாங்கும். 78 தட்டுக்கு அகலமான முனை கொண்ட விஎம்95எஸ்பி ஊசியைத் தனியாக வைத்துக்கொள்ள வேண்டும். எல்பி ஊசி அந்த அகலப் பள்ளத்தின் அடியில் உருண்டு இரைச்சலைத்தான் எடுக்கும். ஒரு நோட்டுப் புத்தகத்தில் ஓடிய நேரத்தை எழுதிவைப்பது அவசியம். கூட்டத்தில் மட்டும் ஓடினால் ஊசி வருடக் கணக்கில் வரும். நடுவில் யாராவது எல்லாத் தட்டையும் கணினியில் ஏற்றுகிறேன் என்று உட்கார்ந்தால் சில மாதத்தில் தேய்ந்துவிடும்.

இரைச்சல்

‘உம்ம்’ என்ற ஓசை வந்தால் பத்தில் எட்டு முறை எர்த் ஒயர்தான் காரணம். டர்ன்டேபிளின் பின்னாலிருக்கும் சின்ன எர்த் திருகையும் ஊசியின் சன்ன ஒலியைப் பெருக்கும் போனோ பிரீஆம்பின் திருகையும் இணைத்துவிட்டு, எல்லாக் கருவிகளையும் ஒரே எக்ஸ்டென்ஷன் பெட்டியில் செருகுங்கள். ஹாலின் இரண்டு மூலைகளிலுள்ள பிளக்குகளில் தனித்தனியாகச் செருகினால் உறுமல் வரும். சத்தம் சன்னமாக, பேஸே இல்லாமல் வந்தால் டர்ன்டேபிளின் பிரீஆம்ப் சுவிட்ச் ‘லைன்’ பக்கம் இல்லை. இரைந்து உடைந்து வந்தால் இரண்டு பிரீஆம்ப் சேர்ந்துவிட்டது.

கல்யாண மண்டப மாதிரி ஹால்களில் மேடை உள்ளே காலியான மரப் பலகையாக இருக்கும். டர்ன்டேபிளை அதில் வைத்துச் சத்தத்தைக் கூட்டினால், ஸ்பீக்கரின் அதிர்வு பலகை வழியே ஊசிக்குத் திரும்பிப் போய் ஊளையிடும். இரண்டு அடிக்கு ஒன்றரை அடி கடப்பா கல் ஒன்று, அதன் நாலு மூலையிலும் ஏசி அவுட்டோர் யூனிட்டுக்கு வைக்கும் ரப்பர் பேட். இதை மேடையில் வைக்காமல், தரையில் நிற்கும் சுவரோரக் கனமான மேஜை மேல் வைத்து, அதன் மேல் டர்ன்டேபிளை வைத்தால் தொல்லை தீர்ந்தது. இத்தனை சல்லிசாக இவ்வளவு பலன் தந்த பொருள் வேறு எதுவும் இல்லை.

1978-இல் வந்த ‘பிரியா’ படப் பாடல்கள் ஸ்டீரியோவில் பதிவானவை; ஒலி இடது, வலது ஸ்பீக்கர்களுக்குப் பிரிந்து வரும். அந்தப் பிரிவு காதில் விழ வேண்டுமானால் நாற்காலி போடும் முறையை மாற்ற வேண்டும். ஹால் அகலமாக இருக்கிறதென்று வரிசைக்குப் பன்னிரண்டு நாற்காலி போட்டால் ஓரத்தில் இருப்பவர் பாதிப் பாட்டைத்தான் கேட்பார். வரிசைக்கு ஐந்தாறு போதும், வரிசைகளைக் கூட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர்களுக்கு நடுவே எட்டு அடி, உட்கார்ந்தவரின் காது உயரத்தில் ஸ்டாண்ட், முதல் வரிசை ஒன்பது அடி தள்ளி.

தட்டும் நாடாவும்

சென்னையின் ஈரக்காற்றுதான் தட்டுகளுக்கு முதல் எதிரி. ஐப்பசி, கார்த்திகையில் அட்டைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பள்ளங்களின் மேல் சிலந்தி நூல் போல வெள்ளையாகத் தெரியும். டிஸ்டில்ட் வாட்டர் 800 மில்லி, ஐசோபுரோபைல் ஆல்கஹால் 200 மில்லி, டிஷ்வாஷ் லிக்விட் ஒரு சொட்டு. மென்மையான துணியால் பள்ளத்தின் போக்கிலேயே வட்டமாகத் துடைத்து, மறுபடி வெறும் டிஸ்டில்ட் வாட்டரில் அலச வேண்டும். போர் தண்ணீர் கூடவே கூடாது. அதிலுள்ள உப்பு பள்ளத்தில் படிந்து, பூஞ்சணத்தை விட மோசமாகப் பொரியும். லேபிள் நனையக் கூடாது. பாத்திர ஸ்டாண்டில் நிமிர்த்தி வைத்து நன்றாக உலர்ந்த பிறகே உறைக்குள் போட வேண்டும். அரக்குத் தட்டில் ஆல்கஹால் பட்டால் அரக்கு கரையும், அதற்குத் தண்ணீர்க் கலவை மட்டும்தான்.

தட்டுகளை நிமிர்த்தியே அடுக்க வேண்டும். மொட்டை மாடிக்குக் கீழேயுள்ள பரணில் வைத்தால் அக்னி நட்சத்திரத்தில் வளைந்துவிடும்.

சென்ட்ரல் பக்கத்து மூர் மார்க்கெட்டில் பழைய தட்டு வாங்குவோர், உறையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்க்க வேண்டும். கருப்பு பளபளப்பில்லாமல் சாம்பல் பூத்திருந்தால், கனமான ஊசியில் பலகாலம் ஓடியது. எவ்வளவு கழுவினாலும் வராது. உறை ஒரு படம், உள்ளே வேறு படம் என்பது அங்கே சகஜம், லேபிளைப் படியுங்கள்.

கேசட்டைப் பலர் ஒதுக்குகிறார்கள். எங்கள் கருத்தில் கூட்டத்தின் உயிர்நாடி கேசட்தான். தட்டு வாங்க வசதியில்லாத வீட்டிலும், ரெக்கார்டிங் சென்டரில் பாட்டு லிஸ்ட் எழுதிக் கொடுத்துப் பதிவு செய்த சி-60 ஒன்றாவது இருக்கும். நீல மையில் எழுதிய அந்தப் பட்டியலோடு ஒருவர் வரும்போது அவர் விருந்தாளியாக இருப்பதில்லை, பங்காளியாகிவிடுகிறார். ஆனால் வாங்கியவுடன் டெக்கில் போடாதீர்கள். கேசட்டைக் கவிழ்த்து, நடு ஜன்னலில் நாடாவுக்குப் பின்னால் இருக்கும் பொட்டளவுப் பஞ்சு விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். செம்புத் தகட்டில் ஒட்டியிருந்த பசை காய்ந்து விழுந்திருந்தால் நாடா, ஒலியைப் படிக்கும் ஹெட்டைத் தொடாது, சத்தம் அமுங்கி வரும். வீணான கேசட்டிலிருந்து அந்தப் பஞ்சை எடுத்து ஒட்டலாம். பிறகு பென்சிலால் கையாலேயே ஒரு முறை முழுக்கச் சுற்றினால் ஒட்டிக்கொண்ட சுற்றுகள் விடுபடும். டெக்கில் முதலில் போவது ரப்பர் பெல்ட். இந்த வெயிலுக்குத் தார் மாதிரி இளகி புல்லியில் ஒட்டிக்கொள்ளும். ரிச்சி ஸ்ட்ரீட்டில் மாற்று பெல்ட் தேடும்போது பழையதைக் கையோடு கொண்டுபோக வேண்டும். இளகிப்போயிருந்தால் புல்லிகளின் மேல் நூல் சுற்றி நீளத்தை அளந்துகொள்ளலாம்.

ஊசியைக் கை மாற்றுவது

இரண்டரை மணி நேரக் கூட்டத்துக்கு நாலு பக்கம் போதும். பக்கத்துக்கு இருபது நிமிடம் சுமாராக. ஞாயிறு மாலை நாலு மணி பொருத்தமான நேரம். இரவு வீடு திரும்பும் பெண்களுக்கும் வயதானவர்களுக்கும் சிரமமில்லை.

ஒவ்வொரு பக்கத்தையும் வேறொருவர் போட வேண்டும். முதல் தடவை வருபவருக்குப் பக்கத்தில் தெரிந்த ஒருவர் நிற்பார். “தம்பி, விரல் ஓரத்துலயும் நடு லேபிள்லயும் மட்டும் படட்டும். லிவரை மேல வச்சுக்க, ஊசிக் கையை முதல் பள்ளத்துக்கு நேரா கொண்டு வா, இப்ப லிவரை இறக்கு.” அவ்வளவுதான் பாடம். நடுங்கும் கையால் நேரடியாக ஊசியை இறக்க யாரையும் விடக் கூடாது, ஊசியை மெதுவாக ஏற்றி இறக்கும் லிவர் இருப்பதே அதற்காகத்தான். முழுக்கைச் சட்டையின் பட்டனுள்ள கைநுனியை மடித்துவிடச் சொல்லுங்கள். சுழலும் தட்டில் பட்டு இழுத்தால் கீறல் விழும். பழகுவதற்கு இரண்டு மூன்று பிரதி இருக்கும் சாதாரணத் தட்டைக் கொடுங்கள். ஒரு பக்கம் போட்டவர் அடுத்த கூட்டத்துக்குச் சீக்கிரமே வந்து நாற்காலி போடுவார்.

தட்டின் அட்டையில் இருப்பதைப் படித்துச் சொல்வதும் ஒருவர் வேலை. பக்கம் தொடங்கும் முன்பு மூன்று நிமிடம், அதற்கு மேல் பேச்சு வேண்டாம். பொதுவாக ‘சிறந்த பாடல்கள்’ என்று தலைப்பு வைத்தால் சண்டைதான் மிஞ்சும். குறுகிய தலைப்பு நன்றாக வேலை செய்கிறது: ராஜாவின் குழுவில் வாசித்த புருஷோத்தமனின் டிரம்ஸ் மட்டும், சசிதரனின் பேஸ் மட்டும், விஜி மேனுவலின் கீபோர்டு மட்டும். 1986-இல் வந்த ராஜாவின் ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்தில் பாடல் வரி இல்லை, நடிகர் இல்லை, வி.எஸ். நரசிம்மனின் வயலினைக் கேட்பது தவிர வேறு வழியில்லை. பேச்சு இசைக்கு வெளியே போகாத கூட்டம் அதுதான். கோடம்பாக்கத்தில் வாசித்த கலைஞர் யாரையாவது அழைத்தால் கவரில் மரியாதையான தொகையும் போக்குவரத்துச் செலவும் தர வேண்டும். அவர் வாசிப்பைப் பல வருடம் இலவசமாகக் கேட்டவர்கள் நாம்.

ஜூன் 2 ஒட்டிய ஞாயிறு பெரிய கூட்டம். ராஜா பிறந்தது 3-ஆம் தேதி என்றாலும், அதே நாளில் பிறந்த கலைஞர் கருணாநிதிக்காக அந்த நாளை விட்டுக்கொடுத்து 2-ஆம் தேதி கொண்டாடுவது வழக்கம். மார்கழியில் சபாக்கள் நடப்பதால் ஹால் கிடைப்பது அரிது, அந்த மாதத்தை அடுக்ககப் பொது அறைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சட்டம், பணம், பொறுப்பு

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் பிரிவு 52(1)(கே), குடியிருப்பின் பொது அறையில் குடியிருப்போருக்கான வசதியாகவும், லாப நோக்கில்லாத மன்றத்தின் நடவடிக்கையாகவும் ஒலிப்பதிவைக் கேட்கச் செய்வதற்கு விலக்கு தருகிறது. டிக்கெட் போட்டு லாபத்துக்கு நடத்தினால் இந்த விலக்கை நம்ப முடியாது, உரிமம் வாங்க வேண்டும். கூட்டத்தில் ஒலித்ததைப் பதிவு செய்து இணையத்தில் போடுவதும் இதில் அடங்காது. கூட்டத்தில் மொபைலை உறையில் வைக்கச் சொல்வது அதனால்தான். சங்கமாகப் பதிய வேண்டுமானால் தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் 1975-இன்படி குறைந்தது ஏழு பேர் வேண்டும். குடியிருப்புப் பகுதியில் ஒலி வரம்பு பகலில் 55 டெசிபல். ஜன்னலைச் சாத்தினாலே பக்கத்து வீட்டோடு பாதிப் பிரச்சினை இருக்காது.

எல்லோரிடமும் ஒரே தொகை வாங்கி, ஹால் வாடகை, ஊசி நிதி, டீ செலவு மூன்றையும் அன்று இரவே வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். கணக்கு தாமதமாகும் குழுவில் சந்தேகம் முளைக்கும்.

மூத்த ரசிகர் மறைந்த பிறகு குடும்பத்தினர் தட்டுகளைக் கொடுக்க முன்வருவார்கள். அங்கேயே மூட்டை கட்டித் தூக்கிவரக் கூடாது. முதலில் பட்டியல் எழுதி, ஒரு பிரதியை வீட்டிலேயே கொடுத்து, நன்கொடையா, பாதுகாக்க மட்டுமா என்பதைக் கையெழுத்தோடு வாங்க வேண்டும். உரியவர் பெயரை உள் உறையில் பென்சிலால் எழுதுங்கள், பேனா மை தட்டில் ஊறும். இரவல் போகும் தட்டுக்கு நோட்டில் பெயர், தேதி, கீறல் உண்டா இல்லையா என்ற குறிப்பு. இரவல் எடுத்தவர் அடுத்த கூட்டத்தில் அந்தத் தட்டின் ஒரு பக்கத்தைத் தானே போட வேண்டும் என்று விதி வைத்த பிறகு, தட்டுகள் நேரத்துக்குத் திரும்பி வருகின்றன.