சவுத் டவுன்ஸ் முகட்டுக்கு வாடகை சைக்கிள்: இரண்டு கடை, ஒரே பாதை

திண்டுக்கல்லில் அப்பா வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தார். யார் வந்து வண்டி கேட்டாலும் அவர் முதலில் கேட்பது, "எந்தப் பக்கம் போறீங்க?" சிறுமலை அடிவாரம் என்றால் ஒரு வண்டியைத் தள்ளிக்கொண்டு வருவார், பேருந்து நிலையம் வரைதான் என்றால் வேறு வண்டி. அந்தக் கடையில் வளர்ந்தவள் நான். வாடகைக்கு வண்டி தருபவர் அந்தக் கேள்வியைக் கேட்டே ஆக வேண்டும் என்று நம்புகிறேன்.

இப்போது இருப்பது தெற்கு லண்டனில், குரோய்டனில். இந்தக் கோடையில் என் மகளோடு இங்கிலாந்தின் தென்கரையில் இருக்கும் சவுத் டவுன்ஸ் குன்றுகளுக்கு இரண்டு முறை சைக்கிளில் போனேன். பாதை அதேதான், வாடகைக் கடை மட்டும் வேறு வேறு. முதல் கடையின் பெயரைச் சொல்லி அவர்கள் பிழைப்பைக் கெடுக்க விருப்பமில்லை. அதனால் இரண்டாவது கடையின் பெயரையும் விட்டுவிடுகிறேன். எந்தக் கடைக்குப் போனாலும் எதைப் பார்த்து வாங்க வேண்டும் என்பதைச் சொல்கிறேன்.

முதலில் பாதை. வின்செஸ்டரிலிருந்து ஈஸ்ட்போர்ன் வரை 160 கிலோமீட்டர் நீளத்துக்கு இந்தக் குன்றுகளின் முகட்டிலேயே ஓடுகிறது சவுத் டவுன்ஸ் வே. நாங்கள் போனது கிழக்குக் கடைசித் துண்டு. சவுத்ஈஸ் என்ற குட்டி ரயில் நிலையத்தில் இறங்கி ஈஸ்ட்போர்னில் முடித்தால் சுமார் 24 கிலோமீட்டர். குரோய்டனிலிருந்து லூயிஸ் வரை நேர் ரயில் உண்டு, அங்கே சீஃபோர்ட் வண்டிக்கு மாற வேண்டும். வார நாட்களில் கூட்ட நேரத்தில் சைக்கிளை ரயிலில் ஏற்ற விடமாட்டார்கள், அதனால் சனி, ஞாயிறு நல்லது.

தூரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். ஊஸ் ஆற்றங்கரையில், ஏறக்குறைய கடல் மட்டத்தில் இறங்குகிறோம். நெடுஞ்சாலை மேலுள்ள பாலத்தைத் தாண்டியதுமே இட்ஃபோர்டு மலை ஏற்றம் தொடங்கிவிடும். மூச்சு வாங்கும், பாதி தூரம் தள்ளித்தான் போனோம். மேலே ஏறிவிட்டால் அப்புறம் ஃபெர்ல் பீக்கன் என்ற உச்சி வரை முகடுதான். அது 217 மீட்டர் உயரம். நம் ஊர் மலைகளைப் பார்த்தவர்களுக்கு இது ஒரு மேடு. ஆனால் மரமே இல்லாத மேடு. ஆடு மேய்ந்து மேய்ந்து புல் கம்பளம் போல ஒட்ட இருக்கிறது. வலது கைப்பக்கம் கடல், நியூஹேவன் துறைமுகத்திலிருந்து பிரான்சின் தியெப்புக்குப் புறப்படும் கப்பல். இடது பக்கம் வயலும் வேலியும் தோப்புமாகக் கண்ணுக்கு எட்டும் வரை சமவெளி. தலைக்கு மேலே வானம்பாடி கத்திக்கொண்டே இருக்கும், பறவை மட்டும் கண்ணில் படாது.

இந்த மலை முழுக்கச் சுண்ணாம்பு. அதற்குள் வரிவரியாகச் சக்கிமுக்கிக் கல். சுண்ணாம்பு மழையில் கரைய, கல் மட்டும் பாதையில் மிஞ்சிக் கிடக்கும். உடைந்தால் அதன் விளிம்பு சவர பிளேடு மாதிரி. வாடகைக்கு வண்டி தருபவர் இதை மனதில் வைத்துத்தான் டயரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதல் கடையில் எங்கே போகிறோம் என்று யாரும் கேட்கவில்லை. அடையாள அட்டை, பணம், கையெழுத்து, அவ்வளவுதான். ஆளுக்கு 30 பவுண்டு. கிடைத்தது கடற்கரைச் சாலையில் ஓட்டுவதற்கான வண்டி, மெல்லிய டயர், உள்ளே டியூப். ஃபெர்ல் பீக்கன் தாண்டிச் சிறிது தூரத்தில் பின்னாலிருந்து "அம்மா, காத்து போயிடுச்சு" என்றாள் மகள். மாற்று டியூப் கொடுத்திருந்தார்கள். ஆனால் அதன் வால்வு மெல்லியது, கூட வந்த பம்பின் வாய் கார் டயருக்கு உரிய அகல வாய். இரண்டும் சேரவே இல்லை. அந்த வழியாக வந்த ஒருவர் தன் பம்பைக் கொடுத்து, காற்று ஏறும்வரை நின்றார். நாற்பது நிமிடம் போயிற்று. அல்ஃப்ரிஸ்டன் என்ற ஊருக்கு இறங்கும் சரிவில் என் டயரும் கிழிந்தது. முந்தின இரவு மழை பெய்திருந்தது. ஈரச் சுண்ணாம்பு பாசி படிந்த படித்துறை போல வழுக்கும். தள்ளிக்கொண்டு இறங்கும்போதே இரண்டு முறை கால் வாரியது.

கணவர் குரோய்டனிலிருந்து காரில் வரும்வரை அந்த ஊரில் காத்திருந்தோம். தேவாலயத்துக்குப் பக்கத்தில் ஓலைக் கூரை வேய்ந்த ஒரு பழைய வீடு, கிளர்ஜி ஹவுஸ். 1896இல், பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் பாதுகாக்கும் நேஷனல் டிரஸ்ட் அமைப்பு முதன்முதலாக விலைக்கு வாங்கிய கட்டடம் அதுதான், விலை 10 பவுண்டு. அதன் தோட்டத்தைப் பார்த்தபடி உட்கார்ந்ததில் என் கோபம் கொஞ்சம் தணிந்தது. கடையில் மன்னிப்புக் கேட்டார்கள், பணம் திரும்ப வரவில்லை.

ஜூலையில் இரண்டாவது கடைக்குத் தொலைபேசியில் பேசினேன். எடுத்த பெரியவர் கேட்ட முதல் கேள்வி, எந்தப் பக்கம் போகிறீர்கள் என்பதுதான். எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. பாதையைச் சொன்னேன். முந்தின நாள் மழை பெய்தால் வராதீர்கள், கூடுதல் கட்டணம் இல்லாமல் வேறு தேதி தருகிறேன் என்றார். போன அன்று 38 பவுண்டுக்குத் தந்தது அகல டயர் போட்ட மலை வண்டி. டியூப் கிடையாது, டயருக்குள் பால் போன்ற சீலன்ட் திரவம். சின்ன ஓட்டை விழுந்தால் அதுவே அடைத்துக்கொள்ளும். கட்டை விரலால் டயரை அழுத்திப் பார்த்துக் கொஞ்சம் காற்றை இறக்கினார். அப்பா செய்வதும் அப்படித்தான். பம்பை எங்கள் கையில் கொடுத்து ஒரு முறை அடித்துக் காட்டச் சொன்னார்.

வரைபடத்தில் அவர் காட்டிய இன்னொரு விஷயத்தைக் கட்டாயம் சொல்ல வேண்டும். அல்ஃப்ரிஸ்டனில் பாதை இரண்டாகப் பிரிகிறது. நீல அம்புக்குறி போட்டது குதிரைப் பாதை, சைக்கிளும் போகலாம். மஞ்சள் அம்பு நடப்பவர்களுக்கு மட்டும். படங்களில் எல்லோரும் பார்க்கும் செவன் சிஸ்டர்ஸ் வெள்ளைப் பாறைச் சுவர் மஞ்சள் பாதையில்தான் இருக்கிறது. அங்கே சைக்கிளைக் கொண்டுபோகவே கூடாது. நீலப் பாதையிலும் நடப்பவர்களுக்கும் குதிரைக்கும் வழி விட வேண்டியது நாம்தான், சட்டமே அப்படி.

நீலப் பாதை விண்டோவர் மலை ஏறி ஜெவிங்டன் வழியாக ஈஸ்ட்போர்னில் இறங்குகிறது. விண்டோவரின் வடக்குச் சரிவில் 72 மீட்டர் உயர மனித உருவம் வரைந்திருக்கிறது, லாங் மேன் என்பார்கள். மேலிருந்து சரியாகத் தெரியாது, கீழே வில்மிங்டன் ஊரிலிருந்துதான் பார்க்க வேண்டும். மகளுக்கு அதில் பெரிய ஏமாற்றம். ஜெவிங்டனில் இருந்த உணவகம் ஒன்றில்தான் பனோஃபி பை என்ற வாழைப்பழ டாஃபி இனிப்பு பிறந்தது என்று சொன்னதும் சமாதானமானாள். இந்த முறை ஒரு பஞ்சரும் இல்லை.

செவன் சிஸ்டர்ஸை ஆகஸ்டில் தனியாக நடந்து முடித்தேன். எக்ஸீட் என்ற சிற்றூரிலிருந்து ஈஸ்ட்போர்ன் சுமார் 13 கிலோமீட்டர், ஏறி இறங்கி ஏறி இறங்கி முழங்கால் கழன்றுவிடும். முடிவில் பீச்சி ஹெட் என்ற கடலோரப் பாறை முனை, 162 மீட்டர் செங்குத்து. வழியில் பெல் டூட் கலங்கரை விளக்கம். கடல் அரித்து விளிம்பு கிட்டே வந்துவிட்டதால் 1999இல் கட்டடத்தையே 17 மீட்டர் உள்ளே நகர்த்தி வைத்தார்கள். அந்த விளிம்பின் அடியில் மண் இருக்கிறதா இல்லையா என்று மேலே நிற்பவருக்குத் தெரியாது. படம் எடுக்கக் கிட்டே போகாதீர்கள், பிள்ளைகளைக் கையைப் பிடித்துக் கூட்டிப் போங்கள்.

இரண்டாவது கடையில் குறை இல்லாமல் இல்லை. சீட் மரக்கட்டை மாதிரி, தலைக்கவசம் இரண்டே அளவில்தான். மாலை ஐந்தரைக்குக் கடையை மூடிவிடுவார். ஈஸ்ட்போர்னிலிருந்து ரயிலில் திரும்ப வேண்டும் என்பதால் நாங்கள் ஜெவிங்டனில் தேநீர்கூடக் குடிக்காமல் ஓடி வந்தோம். கோடையில் ஏழு மணி வரை திறந்து வைக்கலாம். அவரிடமே சொன்னேன், யோசிக்கிறேன் என்றார்.

வண்டியைத் திருப்பிக் கொடுத்தபோது பின் டயரை மெல்லச் சுழற்றிக்கொண்டே வந்தவர் ஓரிடத்தில் நிறுத்தினார். ரப்பரில் கறுப்பாக ஒரு கல் சில்லு, அதைச் சுற்றிச் சீலன்ட் வெள்ளையாக உறைந்திருந்தது. இடுக்கியால் பிடுங்கி என் மகள் உள்ளங்கையில் வைத்தார். எங்கே குத்தியது என்று எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. அது இப்போது அவள் படிப்பு மேசையில் இருக்கிறது.