தோசிபாவின் 150 டாலர் பிளேயர் யாருக்கு?

டிவிடிக்கு அடுத்து வந்த உயர்தெளிவு டிஸ்க்குகளான தோசிபாவின் எச்டி டிவிடியும் சோனியின் ப்ளூ-ரேவும் மோதியதை தோசிபா, சோனி சண்டை என்றுதான் எல்லோரும் பேசுகிறார்கள். அமெரிக்கக் கடை விலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், களத்தில் மூன்றாவதாக ஒன்றும் நின்றது தெரியும்: ஏற்கனவே வீட்டு அலமாரியில் கிடக்கிற சாதா டிவிடி. 2008இல் தோசிபா 150 டாலருக்கு இறக்கிய பிளேயர் அந்த டிவிடிக்காகத்தான்.

முதலில் அந்த இரண்டு பேர். இரண்டுக்கும் ஒரே 405 நானோமீட்டர் லேசர்தான். எச்டி டிவிடியில் தகவல் இருக்கும் அடுக்கு, டிவிடி போலவே 0.6 மி.மீ. ஆழத்தில், அதனால் பழைய டிவிடி ஆலைகளையே கொஞ்சம் மாற்றி ஓட்டலாம். ப்ளூ-ரேவில் வெறும் 0.1 மி.மீ., ஆலைக்குச் செலவு அதிகம், ஆனால் அடுக்குக்கு 15 ஜிபிக்குப் பதில் 25 ஜிபி கிடைக்கும். திரையில்? இரண்டுமே 1080பி (1920x1080 புள்ளிகள்), வித்தியாசம் கண்டுபிடிக்கிறவருக்குக் கழுகுக் கண். என்னைக் கேட்டால் வாங்குகிறவருக்கு எச்டி டிவிடிதான் சௌகரியமாக இருந்தது. ஒரு நாட்டு டிஸ்க் இன்னொரு நாட்டுப் பிளேயரில் ஓடாமல் தடுக்கும் மண்டலப் பூட்டே கிடையாது. விலையும் அப்படித்தான்: 2006 ஏப்ரலில் தோசிபாவின் முதல் பிளேயர் 499 டாலர், ஜூனில் வந்த சாம்சங் ப்ளூ-ரே 999. 2007 நவம்பரில் வால்மார்ட் தோசிபாவின் எச்டி டிவிடி பிளேயரான எச்டி-ஏ2வை 98.87 டாலருக்கே விற்றது. அப்புறம் 2008 ஜனவரி 4 அன்று வார்னர் படநிறுவனம் ப்ளூ-ரே பக்கம் போனது, பிப்ரவரி 19 அன்று தோசிபா எச்டி டிவிடி கடையைக் கட்டியது.

அதே ஆண்டு ஆகஸ்டில் தோசிபா எக்ஸ்டி-இ500 என்று ஒரு அப்ஸ்கேலிங் டிவிடி பிளேயரை 150 டாலருக்கு இறக்கியது. சரி, அப்ஸ்கேலிங் என்ன செய்கிறது? டிவிடியில் இருப்பது 720x480, அதாவது சுமார் 3.45 லட்சம் புள்ளிகள். 1080பி திரைக்கு வேண்டியது அதைப் போல ஆறு மடங்கு. மிச்சத்தையெல்லாம் பக்கத்துப் புள்ளிகளைப் பார்த்துப் பிளேயர் தானே ஊகித்து நிரப்புகிறது, டிஸ்கில் இல்லாத விவரம் எங்கிருந்தும் வராது. இந்த வேலையை எச்டி டிவியே எப்படியும் செய்துவிடும் என்பதால், உங்கள் டிவியை விட நன்றாகச் செய்கிற பிளேயருக்குத்தான் காசு கொடுப்பதில் அர்த்தம்.

அப்படிப் பார்த்தால் 150 டாலர் ரெண்டுங்கெட்டான். சாதாரண அப்ஸ்கேலிங் பிளேயர்கள் 100 டாலருக்கு ரொம்பக் கீழேயே கிடைத்தன, இன்னொரு பக்கம் அந்த ஆண்டுக் கடைசியில் ப்ளூ-ரே பிளேயர்களே 200 டாலருக்குக் கீழே இறங்கிவிட்டன. உச்சத்தில் ஓப்போவின் DV-983H அப்ஸ்கேலிங் பிளேயர், 399 டாலர். படத்தைச் சுத்தமாக்குவதில் கெட்டிக்காரப் பெட்டிதான், ஆனால் அதே 399க்கு பிளேஸ்டேஷன் 3 கிடைத்தது, அது ப்ளூ-ரேவும் ஓட்டும், டிவிடியையும் மெச்சும்படி அப்ஸ்கேல் செய்யும், விளையாட்டு வேறு.

டிவிடி மட்டும் பார்ப்பவருக்கு அப்போது நான் கைகாட்டியிருக்கக்கூடியது, கடைகள் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த தோசிபா எச்டி டிவிடி பிளேயர் எச்டி-ஏ3. வெளியீடு 1080i (வரிகளை ஒன்றுவிட்டு ஒன்றாக அனுப்புவது) வரைதான், ஆனாலும் டிவிடியை அருமையாக அப்ஸ்கேல் செய்தது. தோசிபாவின் புதுப் பிளேயருக்குப் போட்டியாக நின்றது தோசிபாவே கைகழுவிய பிளேயர்.