போலோவுக்கு 16 இஞ்ச் அலாய்: 6.5ஜே போதும், 7ஜே எதற்கு?

சென்னை ஜி.பி. ரோட்டில் அலாய் வீல் விற்கிற எந்தக் கடைக்குள் போனாலும் முதல் கேள்வி "எத்தனை இஞ்ச் சார்?", அடுத்தது "கருப்பா, சில்வரா?" எத்தனை ஜே (ரிம்மின் அகலம்), என்ன ஆஃப்செட் (சக்கரம் எவ்வளவு உள்ளே அல்லது வெளியே நிற்கும்) என்று அவர்களாகக் கேட்பதில்லை. நாமாகக் கேட்டால் "அதெல்லாம் உக்காந்துடும் சார்" என்று பதில் வரும். உட்காரும்தான், இல்லையென்று சொல்லவில்லை. உட்கார்ந்த பிறகு ஃபெண்டருக்கு வெளியே எவ்வளவு துருத்துகிறது, உள்ளே ஸ்ட்ரட்டுக்கு (சஸ்பென்ஷன் தண்டு) எவ்வளவு இடம் மிச்சம் என்பதுதான் கேள்வி.

என்னுடையது 2010இல் இங்கே விற்பனைக்கு வந்து 2022இல் நிறுத்தப்பட்ட அந்தப் பழைய ஃபோக்ஸ்வேகன் போலோ. ஐந்து போல்ட், பி.சி.டி. (போல்ட்கள் அமைந்த வட்டத்தின் விட்டம்) 100 மி.மீ. கம்பெனி 15 இஞ்ச் ரிம் 6ஜே, ஈ.டி. (ஆஃப்செட்) 40, டயர் 185/60 (அகலம் 185 மி.மீ., பக்கச்சுவர் உயரம் அதில் 60 சதவீதம்). அதைக் கழற்றிவிட்டு 16 இஞ்ச், 6.5ஜே, ஈ.டி. 38 அலாய் போட்டேன், டயர் 195/55. நான்கு ரிம்முக்கும் சேர்த்து ஒரு நல்ல ஃபோன் விலை வந்தது, டயர் தனி. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை, ஏனென்று கீழே புரியும்.

ஏன் இந்த அளவு என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். ஜே என்பது ரிம்மில் டயர் உட்காரும் இரண்டு விளிம்புக்கும் நடுவே உள்ள அகலம், இஞ்சில். ஈ.டி. என்பது ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, ஹப்பில் (வண்டியில் சக்கரம் மாட்டுகிற நடுப்பகுதி) ஒட்டுகிற முகம் எத்தனை மி.மீ. வெளிப்பக்கம் தள்ளியிருக்கிறது என்ற கணக்கு. அந்த எண் குறைந்தால் சக்கரம் வெளியே வரும், கூடினால் உள்ளே போகும். இரண்டையும் தனித்தனியாகப் பார்த்தால் ஒன்றும் விளங்காது, சேர்த்துத்தான் பார்க்க வேண்டும். அகலம் ஒரு இஞ்ச் கூடினால் உள்ளே பாதி வெளியே பாதி, அதாவது பக்கத்துக்கு 12.7 மி.மீ. ஈ.டி. எவ்வளவு குறைந்ததோ அதை வெளிப்பக்கத்தில் கூட்டி, உள்பக்கத்தில் கழித்துவிட வேண்டும். அவ்வளவுதான் கணக்கு, மீதியெல்லாம் டேப் வைத்து அளப்பது.

கடையில் எனக்குக் காட்டியது 7ஜே, ஈ.டி. 35. கணக்குப் போட்டால் கம்பெனி ரிம்மைவிட வெளிப்பக்கம் 17.7 மி.மீ., உள்பக்கம் 7.7 மி.மீ. கூடுதல். "லுக் வேணும்னா இது" என்று அதற்குமேல் ஒரு 7.5ஜே, அதுவும் ஈ.டி. 35தான்: வெளியே 24, உள்ளே 14. என் 6.5ஜே, ஈ.டி. 38 வெளியே எட்டு மி.மீ. சொச்சம், உள்ளே நாலு மி.மீ. சொச்சம். நின்று பார்த்தால் சக்கரம் ஃபெண்டர் விளிம்புக்குள் அழகாக நிரம்பி நிற்கிறது, எங்கேயும் துருத்தவில்லை. கம்பெனிக்காரர்களே ஐரோப்பாவில் இதே போலோவுக்கு 16 இஞ்சில் 7ஜே போட்டிருக்கிறார்கள், ஆனால் ஈ.டி. 46. அதாவது அகலத்தைக் கூட்டியவர்கள் ஈ.டி.யையும் கூட்டி, அந்த அகலத்தில் பெரும்பகுதியை உள்ளே அனுப்பி, வெளியே 6.7 மி.மீ.யோடு நிறுத்திக்கொண்டார்கள். நம் கடைகளில் அகலம் கூடக் கூட ஈ.டி. குறைகிறது, நேர் எதிர்.

வெளியே தள்ளினால் என்ன ஆகிவிடும் என்று கேட்கலாம். பின் சீட்டில் மூன்று பேரும் டிக்கியில் லக்கேஜும் ஏற்றி ஒரு ஸ்பீட் பிரேக்கரில் இறங்கும்போது பின் டயர் ஃபெண்டர் விளிம்பில் உரசலாம், அது ஒன்று. மழையில் சேறு கதவு முழுக்க அடிக்கும். ஆனால் எனக்குப் பெரிதாகப் படுவது ஸ்டீயரிங்தான். முன் சக்கரம் திரும்புகிற அச்சு ஒன்று உண்டு, அது தரையைத் தொடும் இடத்துக்கும் டயரின் நடுவுக்கும் உள்ள தூரத்தை கம்பெனி யோசித்துத்தான் வைத்திருக்கும். சக்கரத்தை வெளியே தள்ளத் தள்ள அந்தத் தூரம் மாறி, பள்ளத்தில் விழும்போது ஸ்டீயரிங் கையைப் பிடித்து இழுக்க ஆரம்பிக்கும், பிரேக் போடும்போது ஒரு பக்கம் போகப் பார்க்கும். வீல் பேரிங்குக்கும் பாரம் கூடும். ஸ்பேசர் (ரிம்முக்கும் ஹப்புக்கும் நடுவே வைக்கிற தட்டு) போட்டாலும் இதே கதைதான், 10 மி.மீ. ஸ்பேசர் என்பது ஈ.டி.யை 10 குறைப்பது, வேறொன்றுமில்லை.

டயர் விஷயத்தில் 195/55 ஆர்16 எடுத்ததற்குக் காரணம், பின்னாளில் வந்த ஜி.டி. மாடலில் கம்பெனியே அந்த அளவைப் போட்டது. இந்த டயருக்கு அனுமதித்த ரிம் அகலமே 5.5ஜேயிலிருந்து 7ஜே வரைதான், ஆகவே 7.5ஜே காட்டியவர் எந்த டயரை மனதில் வைத்துக் காட்டினார் என்று தெரியவில்லை. பக்கச்சுவர் உயரம் 111 மி.மீ.யிலிருந்து 107க்கு வந்திருக்கிறது, அதனால் சொகுசு ரொம்பக் கெட்டுவிடவில்லை. ரோட்டின் சின்னச் சின்ன வெடிப்புகள் முன்பைவிடக் கொஞ்சம் கூடுதலாகத் தெரிகின்றன. மொத்த விட்டம் 603லிருந்து 621 மி.மீ. ஆகிறது, மூன்று சதவீதம். வண்டி ஒன்பது மி.மீ. உயர்ந்தது லாபம், கிளம்பும்போது இழுவை ஒரு மயிரிழை குறைந்தது நஷ்டம், ஸ்பீடோமீட்டரும் அதே மூன்று சதவீதம் குறைத்துக் காட்டும். விட்டம் மாறவே கூடாது என்பவர்கள் 195/50 ஆர்16 போடலாம், 601 வரும், ஆனால் பக்கச்சுவர் 97 மி.மீ.தான், நம் ஊர் பள்ளங்களுக்கு நான் அதைச் சொல்லமாட்டேன்.

சரி, கடைக்கு வருவோம். பேலன்சிங் அருமை, எடைகளை வெளியே தெரியாமல் ஸ்போக்குக்குப் பின்னால் ஒட்டிக் கொடுத்தார்கள், அந்தப் பையனுக்கு நல்ல கை. மாட்டுகிற விஷயத்தில்தான் சண்டை வந்தது. ரிம்மின் நடு ஓட்டை 67.1, போலோ ஹப் 57.1. இடையில் ஒரு ஹப் ரிங் வேண்டும், இல்லையென்றால் சக்கரம் ஹப்பில் நடுவாக உட்காராமல் வேகத்தில் ஸ்டீயரிங் ஆடும், எத்தனை முறை பேலன்ஸ் செய்தாலும் போகாது. கேட்ட பிறகுதான் ரிங் எடுத்து வந்தார்கள், அதற்குத் தனிக் காசு.

அதைவிட மோசம் போல்ட். ஃபோக்ஸ்வேகன் ரிம்முக்கு வருகிற போல்ட்டின் உட்காரும் பகுதி உருண்டை, வெளியே வாங்குகிற அலாய்க்கு வேண்டியது கூம்பு. உருண்டை போல்ட்டை கூம்புக் குழியில் முறுக்கினால் மெல்லிய வளையம் அளவுக்குத்தான் தொடும், இறுகியது போலத் தெரிந்து பிறகு தளரும். கடையில் பழைய போல்ட்டையே எடுத்து ஏர் கன்னை வைக்கப் போனார்கள். நிறுத்தச் சொல்லி, எம்14×1.5 (14 மி.மீ. தடிமன், 1.5 மி.மீ. மரை இடைவெளி) கூம்பு போல்ட் கொண்டுவரச் சொன்னேன். "எல்லாருக்கும் இதைத்தான் சார் போடறோம்" என்றார் கடைக்காரர். அந்த எல்லாருக்காகத்தான் இதை எழுதுகிறேன். போல்ட்டைக் கையால் திருகும்போது குறைந்தது ஆறேழு சுற்று உள்ளே போக வேண்டும், கடைசி இறுக்கம் டார்க் ரெஞ்சில் (இறுக்கத்தை அளந்து முறுக்கும் ஸ்பானர்) 120 நியூட்டன் மீட்டர்.

ரிம்மைத் திருப்பிப் பின்பக்கம் பாருங்கள், ஜே, ஈ.டி. தவிர தாங்கும் எடையும் அங்கேதான் இருக்கும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாததைத் தொடவேண்டாம். ஜே.டபிள்யூ.எல். என்பது தயாரித்தவர் தானே போட்டுக்கொள்ளும் ஜப்பானிய முத்திரை, பக்கத்தில் வி.ஐ.ஏ. இருந்தால்தான் வெளியாள் சோதித்தது என்று அர்த்தம். ஃபெண்டருக்கு வெளியே நீட்டிக்கொண்டு நிற்கிற சக்கரம் மோட்டார் வாகனச் சட்டம் 52ஆம் பிரிவில் வம்பில் மாட்டவும் வைக்கும், இன்சூரன்ஸ் கிளெய்மிலும் கேள்வி வரும். அலாய் போட்டதை பாலிசியில் எழுதி வாங்கிவிடுங்கள்.

ரிம்முக்கு ஐந்துக்கு நாலு, மாட்டிய வேலைக்கு ரெண்டு. நெடுஞ்சாலையில் ஸ்டீயரிங் முன்பு போலவே லேசாக இருக்கிறது, முழு லோடில் ஃபுல் லாக் போட்டாலும் (ஸ்டீயரிங்கை முழுக்கத் திருப்பினாலும்) உரசல் இல்லை.

இன்னொன்று, கடையில் யாரும் சொல்லாதது: ஸ்டெப்னி இன்னும் கம்பெனி இரும்பு ரிம்தான், அதற்கு உருண்டை போல்ட்தான் வேண்டும். பழைய போல்ட் ஐந்தை ஒரு பையில் போட்டு ஜாக்கோடு வைத்துக்கொள்ளுங்கள்.