வெயிலைத் தாங்கிய ஓக் கன்று மழையில் போனது: ஒரு நர்சரி அனுபவம்

கடை பேரை எழுதப்போவதில்லை. மலேசியாவில் சிரம்பான் பக்கம் உள்ள ஒரு நர்சரி, இணையத்தில் படம் போட்டு வெளிநாட்டு மரக்கன்றுகள் விற்கிறார்கள், கேட்டால் வீட்டுக்கே கொண்டுவந்து இறக்குகிறார்கள். நான் வாங்கியது ஹோம் ஓக் (holm oak) என்கிற மரம், இடுப்பு உயரக் கன்று, 180 வெள்ளி (ரிங்கிட்). எங்கள் ஊர் பகாவ் வரை லாரிக் கூலி 30 வெள்ளி.

ஓக் எதற்கு என்று வீட்டிலும் கேட்டார்கள். எங்கள் தாமான், அதாவது குடியிருப்பு, ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். வீட்டு வாசல் மேற்கே பார்த்தது, மதியம் இரண்டு மணிக்கு மேல் முன்பக்கம் உட்கார முடியாது. முதலில் கெத்தாப்பாங் கெஞ்சானா என்கிற நிழல் மரம் வைத்திருந்தேன், அதன் பொடி இலை எல்லாம் சாக்கடையில் போய் அடைத்துக்கொள்ள, பக்கத்து வீட்டு அக்கா மாதம் ஒரு தடவை வேலியோரம் வந்து நின்று பேச, கடைசியில் வெட்டிப் போட்டேன். தோட்டத்து லயத்து வீட்டில் வளர்ந்தவனுக்கு இலை கொட்டும் மரம் என்றாலே அலுப்புதான். பிப்ரவரி வந்தால் பால்மரம் (ரப்பர் மரம்) மொத்தத்தையும் உதிர்த்துவிட்டு எலும்பாக நிற்கும், பாட்டி காலையில் கூட்டிய வாசல் மதியத்துக்குள் பழையபடி கிடக்கும். அதனால் ‘எப்போதும் பச்சை, வறட்சி தாங்கும், நல்ல நிழல்’ என்று படத்துக்குக் கீழே பார்த்ததும் பணத்தைப் போட்டுவிட்டேன்.

விளம்பரத்தில் பொய் இல்லை, அதுதான் வேடிக்கை. தமிழில் கருவாலி என்று எழுதுகிறார்களே, அந்தக் குடும்பத்தில் இலையுதிர்க்காத வகை இது. ஸ்பெயின், போர்ச்சுகல், இத்தாலி, வட ஆப்பிரிக்கா பக்கம் வளர்வது. கோடையில் மாதக்கணக்கில் மழை இல்லாத ஊர்கள். இலை தோல் மாதிரி தடிப்பு, அடிப்பக்கம் வெள்ளையாகப் பஞ்சு படிந்தது போல் இருக்கும், ஈரத்தை எளிதில் விடாது, ஆணிவேர் நேராக ஆழத்துக்குப் போய் நீரைத் தேடும். ஸ்பெயினில் இதன் கொட்டையைத் தின்னவிட்டுத்தான் அந்த விலை உயர்ந்த கறுப்புப் பன்றிகளை வளர்க்கிறார்கள். நன்றாக வந்தால் 20 மீட்டருக்கு மேல் போகும். என் வாசல் அகலம் 20 அடி. பரவாயில்லை, மெதுவாக வளரும், வெட்டி வேலி மாதிரியும் வைத்துக்கொள்ளலாம் என்று படித்துத் தைரியப்படுத்திக்கொண்டேன். ஒன்று மட்டும், எப்போதும் பச்சை என்றால் இலையே விழாது என்று நினைத்துவிடாதீர்கள், பழைய இலை உதிரத்தான் செய்யும், புது இலை கூடவே வந்துவிடுவதால் மரம் மொட்டையாகத் தெரியாது.

லாரி சொன்ன நேரத்துக்கு வந்தது. கன்றை வலையில் சுற்றி, ஒரு கிளைகூட முறியாமல் கொண்டுவந்தார்கள், ஓட்டி வந்த தம்பி தானே தூக்கி உள்ளே வைத்தார். “அண்ணே, காலையில ஒரு தடவை, சாயந்திரம் ஒரு தடவை தண்ணி, மறந்துடாதீங்க” என்று சொல்லி ஒரு தாளும் கொடுத்தார். தாளிலும் அதேதான். என் புகாரில் பாதி அந்தத் தாளைப் பற்றியது.

முதல் இரண்டு மாதம் காய்ச்சல் வெயில். பக்கத்து வீட்டு மிளகாய்ச் செடி எல்லாம் தலை தொங்க, இது மட்டும் விறைப்பாக நின்றது. அடடா என்றிருந்தது. அப்புறம் அக்டோபர் வந்தது, தினமும் சாயங்கால மழை, எங்கள் மண்ணோ வீடு கட்டும்போது லாரி ஏறி மிதித்த களிமண், குழியில் தண்ணீர் கிண்ணம் மாதிரி நின்றது. நானும் அந்தத் தாளை நம்பி, மழை பெய்யாத காலைகளில் விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தேன். “செடிக்கு நீச்சல் கத்துக் குடுக்கிறீங்களா?” என்று மனைவி கேட்டபோதுகூட எனக்கு உறைக்கவில்லை. இலை நுனி கறுத்து, மஞ்சளாகி, டிசம்பரில் செத்தே போனது. பிடுங்கினால் கையோடு வந்துவிட்டது, வேர் கறுப்பாக, சாக்கடை நாற்றம்.

அதன் சொந்த ஊரிலேயே, நீர் தேங்கும் இடங்களில் இந்த மரத்தை ஃபைட்டோப்தோரா என்கிற கிருமி வேரை அழுகவைத்துக் கொல்கிறது. நம் டுரியான் தோட்டக்காரர்களுக்குப் பழகிய பேர்தான், அதன் இன்னொரு இனம்தான் டுரியான் மரத்தையும் அழுக வைப்பது. என் கன்றும் அதில்தான் போனதா, வெறும் தண்ணீரில் மூச்சுமுட்டிப் போனதா, சோதித்துப் பார்க்கவில்லை. ஆனால் கணக்கைப் பாருங்கள்: மாட்ரிட்டில் ஆண்டுக்கு 450 மில்லிமீட்டருக்கும் குறைவான மழை. நம் நாட்டிலேயே மழை குறைந்த இடம் என்று சொல்லப்படும் ஜெலெபு எங்களுக்குப் பக்கத்து மாவட்டம், அங்கேயே சுமார் 1,650. வறட்சி தாங்குமா என்று கேட்டு வாங்கினேன், ஈரம் தாங்குமா என்று கேட்கத் தோன்றவில்லை. எனக்குத் தோன்றாவிட்டால் போகட்டும், விற்கிறவர் கேட்டிருக்க வேண்டாமா, எந்த ஊர், என்ன மண் என்று?

இன்னொரு விஷயமும் பிடுங்கியபோதுதான் தெரிந்தது. ஆணிவேர் பையின் அடியில் முறுக்கு மாதிரி இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. ஆழம் போக வேண்டிய வேரைச் சின்னப் பையில் நாள் கணக்கில்லாமல் வைத்திருந்தால் அப்படித்தான் ஆகும். இதில் என் தவறு எதுவும் இல்லை.

படம் எடுத்து அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை, பிறகு “செடிக்கு கேரண்டி கிடையாது அண்ணே” என்றார்கள். விடாமல் கேட்டதில் பாதி விலைக்கு இன்னொரு கன்று தந்தார்கள். நியாயம்தான், முழு நியாயம் என்று சொல்லமாட்டேன். இந்த முறை கடைக்கே போய், பையைக் கிழித்து வேரைப் பார்த்துத்தான் எடுத்தேன், அதற்கு முகம் சுளிக்கவில்லை. ஒன்றரை அடி மேடு கட்டி, பருமணலும் உடைந்த செங்கல்லும் கலந்து, தண்டுப் பக்கம் எருவே போடாமல் நட்டேன். தண்ணீர், மண் இரண்டு விரல்கடை காய்ந்தால் மட்டும். பதினோரு மாதம் ஆகிறது, உயிரோடு இருக்கிறது, ஒரு சாண் வளர்ந்திருக்கும். நிழலுக்கு என் பேரன்தான் உட்கார வேண்டும்.

கொண்டுவந்து இறக்கியதற்கு ஐந்துக்கு ஐந்து, கன்றின் தரத்துக்கு இரண்டு, சொல்லிக்கொடுத்த வளர்ப்பு முறைக்கு ஒன்று. மேடு கட்ட இடமும் பொறுமையும் இருந்தால் வாங்குங்கள். வெறும் நிழல்தான் வேண்டுமென்றால் மகிழமரம் போதும், இலை உதிர்ந்து மொட்டையாகாது, வெயிலும் தாங்கும், பூ வாசம் வேறு, எங்கள் ஊர்க் கடையில் 25 வெள்ளி. ஓக்தான் வேண்டும் என்று அடம்பிடிப்பவர்களுக்கு நம் காட்டிலேயே அந்தச் சாதி இருக்கிறது, மலாயில் மெம்பெனிங் என்பார்கள், பெராங்கான் கொட்டை மரமும் அதே குடும்பம், நம் மழையிலேயே வளர்ந்தவை. அந்த நர்சரியில் மெம்பெனிங் கன்று இருக்கிறதா என்று கேட்டேன். “அது காட்டு மரம்ணே, யார் வாங்குவா?” என்றார் கல்லாவில் இருந்தவர், என் பேரை மட்டும் எழுதி வைத்துக்கொண்டார்.