கட்டைவிரல் வலிக்கு ஊசி: நான் ஏமாந்த கதை

பேத்தி பிறந்த மூன்றாம் மாதம், அவளைத் தூக்கித் தூக்கியே எனக்கு வலது மணிக்கட்டில், கட்டைவிரல் பக்கமாக வலி ஆரம்பித்தது. துணி பிழிந்தால் உயிர் போகும். வேளச்சேரியில் வீட்டுப் பக்கத்திலேயே ஒரு வலி கிளினிக், பெயர் வேண்டாம். கட்டைவிரலை உள்ளே மடக்கி முஷ்டி பிடிக்கச் சொல்லி, கையைச் சுண்டுவிரல் பக்கமாகச் சாய்த்தார் டாக்டர். நான் அலறியதும் 'டி குவர்வெய்ன்' என்றார். 1895-ல் இதை எழுதி வைத்த சுவிஸ் சர்ஜன் பெயராம். அந்தக் கதை சொல்ல நேரம் இருந்தவருக்கு "சுகர் இருக்காம்மா?" என்று ஒரு வார்த்தை கேட்க நேரம் இல்லை. கைக்குப் போடுகிற ஊசிதானே என்று நானும் சொல்லவில்லை, அது என் தப்பு.

மூன்று ஊசி பேக்கேஜ், 7,500 ரூபாய், முன்பணம். முதல் ஊசி போட்ட மறுநாள் சுகர் 310. போன் செய்தால் "ஸ்வீட் சாப்பிட்டிருப்பீங்க" என்கிறார்கள். இரண்டு வார இடைவெளியில் அடுத்த இரண்டும் அதே இடத்தில் ஏறின, பணம் கட்டியாச்சே. கொஞ்ச நாளில் அந்த இடம் ஒரு ரூபாய் அளவுக்கு வெளுத்து, குழி விழுந்து, வலி மட்டும் அப்படியே இருந்தது. என்ன மருந்து என்று கேட்டேன், பில்லில் 'புரொசீஜர் சார்ஜ்' என்று மட்டும்தான் இருக்கிறது.

அப்புறம் ஸ்டான்லி ஆஸ்பத்திரி கை அறுவை சிகிச்சைப் பிரிவுக்குப் போனேன். வரிசை நீளம்தான், ஆனால் அங்கேதான் விளங்க வைத்தார்கள். கட்டைவிரலின் இரண்டு தசைநாண்கள் (நாம் நரம்பு என்போம், அது நரம்பே இல்லை, தசையை எலும்போடு இணைக்கும் நார்) போகிற உறை தடித்து இறுகுவதுதான் இந்த நோய். ஸ்டீராய்டு ஊசி இதற்கு நல்ல வைத்தியம்தான், பலருக்கு ஒன்றிலேயே சரியாகிவிடும். ஆனால் மருந்து உறைக்குள் போகணும். தோலுக்கு அடியில் கசிந்தால் கொழுப்பு கரைந்து குழி விழும், நிறம் வெளுக்கும், நம்மைப் போன்ற கறுத்த தோலில் பளிச்சென்று தெரியும். சிலருக்கு உறையின் நடுவே ஒரு தடுப்பு இருக்குமாம், அப்படி இருந்தால் ஊசி ஒரு பக்கத்துக்குத்தான் எட்டும். ஊசி சுகரைச் சில நாள் ஏற்றும் என்பதும் அங்கேதான் தெரிந்தது. அடிக்கடி குத்தினால் தசைநாண் அறுந்துபோகவும் வாய்ப்பு உண்டு என்றதும் எனக்கு வயிற்றைக் கலக்கிவிட்டது.

கட்டைவிரலோடு சேர்த்துப் போடும் ஸ்பிளின்ட் (கையை அசையாமல் பிடித்து வைக்கும் பட்டை) ஒன்று கொடுத்தார்கள். அதைப் பற்றி கிளினிக்கில் ஒருவர்கூட மூச்சு விடவில்லை.

எட்டு மாதம் ஆச்சு, வெள்ளை இன்னும் முழுசாக மறையவில்லை. பணம் திரும்பக் கேட்டதற்குப் பதிலே இல்லை. நேற்று வாட்ஸ்அப்பில் வந்திருக்கிறது, முழங்கால் ஊசிக்கு ஆடித் தள்ளுபடியாம்.